தானே மாறும் கியரும் அதன் எண்ணெயும்



இயந்திரத்தைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேசுவது உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணிப் பக்கத்தில், செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கத்தில் வாழ்பவன் நான். முழங்கால் நோவு வந்தபின் கிளட்சை மிதிக்க இயலவில்லை. ஆகவே, கியர் தானே மாறும் கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டறியாமல் இருப்பது ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு எளிதன்று. அந்தக் கியர்ப் பெட்டியில் உள்ள எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும், எவ்வாறு மாற்ற வேண்டும் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

சாதாரணக் கியர்ப் பெட்டியில் எண்ணெயின் வேலை, பல்சக்கரங்கள் தேயாமல் காப்பது. தானே மாறும் கியரிலோ எண்ணெயே உழைப்பாளி. மேசைமீது இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால், என்ஜினின் விசை எண்ணெய் வழியாகவே சக்கரங்களுக்குப் போகும். இடையில் எண்ணெயைத் திருப்பிவிடும் மூன்றாவது இலைச்சக்கரம் ஒன்றையும் அமைத்தால் அதுவே டார்க் கன்வெர்ட்டர். இத்தத்துவத்துக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். அவர் கருத்தில் இருந்தது கார் அன்று, கப்பல்! ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற தானியங்கிக் கியரை வைத்த பிறகே பொதுமக்கள் அதைப் பெருவாரியாகக் கண்டனர்.

எண்ணெயின் கடமை இதனோடு முடியவில்லை. பெட்டிக்குள் வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த அடுக்கை எண்ணெயின் அழுத்தம் நெருக்குகிறதோ, அதற்குரிய கியர் விழுகிறது. பட்டுத் தறியின் மேலுள்ள ஜக்கார்டுப் பெட்டியில், எந்த இழை எழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானிப்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அறிவார்கள். அதுபோல, எந்த வழியே எண்ணெய் பாயவேண்டும் என்பதைச் சிறு அடைப்பான்கள் நிறைந்த ஓர் அமைப்புத் தீர்மானிக்கிறது. இக்காலத்தில் அந்த அடைப்பான்களுக்குக் கணினி ஆணையிடுகிறது; ஆயினும் ஆணையை நிறைவேற்றுவது எண்ணெயே. தகடுகளின் சூட்டைச் சுமந்து சென்று குளிர்விப்பானிடம் சேர்ப்பதும் அதுவே.

இங்கே ஒரு விந்தை உண்டு. பல்சக்கரத்தில் வழுக்க வேண்டிய எண்ணெய், தகடுகளுக்கிடையே பிடிக்கவும் வேண்டும். அதுவும் வெடுக்கென்று அன்றி, மெல்லப் பிடிக்க வேண்டும். முரண்பட்ட இவ்விரு குணங்களையும் ஒன்றாகப் பெறுவதற்கு முற்காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். அமெரிக்கா 1970ஆம் ஆண்டில் அத்திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களோடு சேர்த்த பின்னர், வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேட நேர்ந்தது. காரின் கியருக்காக ஆழ்கடல் உயிர் ஒன்று மாண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கூசுகிறது.

சேர்க்கைப் பொருள்கள் சூட்டினால் கெடுகின்றன. போளூரிலிருந்து சவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வண்டியும், பௌர்ணமி நாளில் திருவண்ணாமலை நெரிசலில் நின்று நின்று ஊரும் வண்டியும் அதிகச் சூடடைகின்றன. என் பழைய மாணவர் ஒருவர் வாடகைக்கு ஓட்டுவதற்காக, பலர் கைமாறிய கார் ஒன்றை வாங்கினார். "கியர் எண்ணெய் ஆயுள் முழுவதும் போதும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். மலையேற்றத்தில் வண்டி நடுங்கத் தொடங்கியது. பின்னர் கியரே பிடிக்கவில்லை. வெளியே எடுத்த எண்ணெய் கறுத்துத் தீய்ந்து நாறியது. கியர்ப் பெட்டியைச் செப்பனிட்ட செலவில் அவருடைய பல மாத வருவாய் போயிற்று. யாருடைய ஆயுள், எண்ணெயினுடையதா, பெட்டியினுடையதா என்று கேட்பதே அறிவுடைமை என்பது என் எண்ணம். வண்டியோடு வரும் கையேட்டில், கடினமான ஓட்டத்துக்கெனத் தனியே குறைந்த கெடு தந்திருந்தால், நம் சாலைகளுக்கு அதையே கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. கியர் தானே மாறும் கார்கள் எல்லாம் ஓரினம் அல்ல. 2014ஆம் ஆண்டில் மாருதி செலெரியோ வழியாக இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில், பெட்டி பழைய வகையே. கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் ஒரு பொறி செய்கிறது. அதற்குச் சாதாரணக் கியர் எண்ணெய். எஃகுப் பட்டை ஓடும் சி.வி.டி. வகைக்கு வேறோர் எண்ணெய். சிவப்பாய் இருப்பதெல்லாம் ஒன்றே என்று கருதி ஊற்றிவிடக் கூடாது. என்ஜின் எண்ணெயினின்று வேறு பிரித்தறியச் சேர்த்த சாயமே அந்தச் சிவப்பு. அது தரத்தின் அடையாளம் அன்று. கையேடு குறிப்பிடும் எண்ணெயே உரியது.

இனிச் செய்முறை. வண்டியைச் சற்று ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, உறுதியான தாங்கிகளின்மேல் ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிருக்கே உலையாகும். அடித்திருகைக் கழற்றி எண்ணெயை வடித்து, அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் மாவுபோன்ற கரும்பொடி படிந்திருப்பது இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள். வடிகட்டியையும் கேஸ்கட்டையும் புதிதாக மாற்றி, வடிந்த அளவே புது எண்ணெயை ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஆற்றுமணலிலோ கொட்டுவது பெருங்கேடு. மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் அதைச் சேர்க்க வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் எண்ணெய் இம்முறையில் வடிவதில்லை. மொத்தம் 8 லிட்டரில் 4 லிட்டரே வடிந்தது என்று கொள்வோம். பழையது பாதி நிற்கும். சில நாள் ஓட்டி மறுமுறை மாற்றினால் கால் பங்கு, மூன்றாம் முறை அரைக்கால் பங்கு. நீங்கள் வகுப்பில் படிக்கும் பெருக்குத் தொடர்தான் இது!

இறுதியாக என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி, கியர்க் கோலை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி மீள வேண்டும். அளவை அதன் பிறகே பார்க்க வேண்டும். சூட்டில் எண்ணெய் விரிவதால், கையேடு குறித்த வெப்பநிலையில் பார்த்த அளவே சரியானது. அளவுகோல் இல்லாத வண்டிகளில், அந்த வெப்பநிலையில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுத் திருகைத் திறந்து, எண்ணெய் மெல்லிய இழையாகச் சொட்டும் நிலை வந்ததும் மூட வேண்டும்.