வயலில் கிடைத்த பொத்தான்!

இங்கிலாந்தில் நிலத்தை உழும்போது சில சமயம் ஒரு சிறு உலோகப் பொத்தான் மேலே வருகிறது. மண்ணைத் துடைத்தால் அதில் ஓர் எண் தெரிகிறது. அது பட்டாளத்துச் சிப்பாயின் சட்டைப் பொத்தான்!

அது எந்தப் படையைச் சேர்ந்தது? எந்தக் காலத்தது? பொத்தானே சொல்லிவிடும்.

எண் சொல்லும் கதை

1767-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு ஓர் உத்தரவு போட்டது. காலாட்படைப் பிரிவுகள் தங்கள் எண்ணைப் பொத்தானில் பொறிக்கவேண்டும் என்பதே அது. "33" என்று இருந்தால் அது 33-வது படைப்பிரிவு.

உலோகத்தையும் பார்க்கவேண்டும். 1855 வரை காலாட்படைச் சிப்பாய்களுக்கு வெள்ளீயக் கலவைப் பொத்தான். பிறகு பித்தளை. 1871-ல் பெரும்பாலான சிப்பாய்களின் பொத்தானிலிருந்து எண் மறைந்தது. அரச சின்னம் வந்தது. ஆகவே, எண் உள்ள பித்தளைப் பொத்தான் பெரும்பாலும் இந்த 16 ஆண்டுகளைச் சேர்ந்தது!

போர் நடந்ததா?

அப்படியானால் அந்த வயலில் போர் நடந்ததா? அவசரப்படக்கூடாது!

யார்க்ஷயர் பகுதியில் பாட்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1813-ல் ஒரு புதுத்தொழில் பிறந்தது. பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, மறுபடி நூலாக்கித் துணி நெய்தார்கள். பழைய பட்டாளத்துச் சட்டைகளும் அங்கே வந்து குவிந்தன.

நூலுக்கு உதவாத கழிவு வீணாகவில்லை. கம்பளியில் தழைச்சத்து அதிகம். அதனால் அது எருவாக வயல்களுக்குப் போனது. வெட்டி எடுக்கத் தவறிய பொத்தான்களும் கூடவே போயின. சிப்பாய் கால் வைக்காத வயலிலும் அவன் பொத்தான் கிடைப்பது இதனால்தான்!

பெயர் பெற்ற வீரர்கள்

எல்லாப் பொத்தானும் எருவோடு வந்ததல்ல. பிரான்சில் பிரோமெல் என்ற ஊரில் 1916 ஜூலையில் கடும் போர் நடந்தது. அங்கே ஒரு காட்டோரம் புதைகுழிகளிலிருந்து 2009-ல் 250 வீரர்களின் உடல்கள் எடுக்கப்பட்டன. உடலோடு கிடைத்த சிறு பொருள்கள், அவர் எந்த நாட்டு வீரர் என்று அறிய உதவின. உறவினரின் மரபணுச் சோதனை பலருக்குப் பெயரையே மீட்டுத் தந்தது. பேரன் பேத்திகள் கல்லறையில் மலர் வைத்தார்கள்.

ஆகையால் பொத்தான் கிடைத்தால் கிடைத்த இடத்தைக் குறித்து வைக்கவேண்டும். பக்கத்தில் எலும்பு தெரிந்தால் தோண்டக்கூடாது. உடனே போலீசுக்குச் சொல்லவேண்டும்.

அங்கே ஒரு தாயின் மகன் உறங்கிக்கொண்டிருக்கலாம்.