கர்ப்பப்பை வாயில் சின்ன சிகிச்சை... கிரிவலம் எப்போது போகலாம்?

"கர்ப்பப்பை வாயில சின்னதா ஒரு சிகிச்சை செய்யணும்" என்று டாக்டர் சொன்னதும், 'கேன்சரா... கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்களா?' என்ற பயம் வந்துவிடும். திருவண்ணாமலைப் பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்... 'பௌர்ணமிக்கு கிரிவலம் போகலாமா?' ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இந்த சிகிச்சை?

30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர்க்கச் செய்து தடவி, ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால், பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்து சோதிப்பார்கள். 'செல்களில் மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தால், அது கேன்சர் அல்ல. கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகளில் கேன்சராகலாம். அந்த இடத்துக்கு மட்டும்தான் சிகிச்சை. கர்ப்பப்பை அப்படியே இருக்கும்.

அன்று என்ன நடக்கும்?

'லீப்' முறையில், மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தத் திசுவை எடுப்பார்கள். 10-15 நிமிட வேலைதான். 'கிரையோதெரபி' என்றால் குளிரால் உறையவைப்பார்கள். மாதவிலக்கு வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

வீட்டில் எப்படி இருக்க வேண்டும்?

சில வாரங்களுக்குப் பழுப்பாகவோ, நீர்போலவோ கசிவு இருக்கும். நாப்கின் போதும். சுமார் 4 வாரங்களுக்கு தாம்பத்திய உறவு வேண்டாம். கணவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர்க்குடம் போன்ற கனமானவற்றைத் தூக்காதீர்கள். 14 கி.மீ கிரிவலத்தை, கசிவு நின்றபின் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அண்ணாமலையார் அடுத்த பௌர்ணமிக்கும் இங்கேதான் இருப்பார்!

மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத வயிற்றுவலி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மறக்கக் கூடாதது!

சிகிச்சையோடு வேலை முடிந்துவிடாது. ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் தேதியில் மறுபரிசோதனைக்குப் போங்கள். பிறகு கர்ப்பமானால், இந்த சிகிச்சை எடுத்ததைச் சொல்லுங்கள். லீப்புக்குப் பின் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம்.

இந்தச் சின்ன சிகிச்சையின் பலனுக்கு சாட்சி, நம் திண்டுக்கல் மாவட்டம். அங்கு 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையும், தேவைப்பட்டவர்களுக்கு சிகிச்சையும் கொடுத்து நடந்த ஆய்வு, 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்படும் மரணங்கள் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன.

பயத்தில் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள் தோழிகளே!