எட்டடி வலைக்கு மேலே ஒரு போலீஸ்காரர்!

நத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ சொல்லிவிட்டு, சுற்றிலும் உள்ள சுவர்களைப் பாருங்கள். சினிமா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதணி விழா போஸ்டர்... இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக ஒன்று அடிக்கடி கண்ணில் படும். 'மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி!' முதல் பரிசு வழங்குபவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, சுழற்கோப்பை, வலை, பந்து, சீரியல் செட் என்று உபயம் செய்தவர்கள் அத்தனை பேரும் கைகூப்பியபடி சிரிப்பார்கள். ஆடப் போகிறவர்கள் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது!

போன மாசம் அப்படி ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். திண்டுக்கல் ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, டிபன் பாக்ஸை வீட்டில் போட்டுவிட்டு நேரே கிரவுண்டுக்கு. ஓரத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு எங்கள் ஊர் ரிடையர்டு டிரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பையன் எகிறி அடித்தான் பாருங்கள், பந்து எதிராளி நெஞ்சில் பட்டு மாந்தோப்புக்குள் போய் விழுந்தது. ஜனம் விசிலடித்தது. மாஸ்டர் அசையவே இல்லை.

"என்ன சார், கை தட்டக்கூட மாட்டேங்கறீங்க?"

"தம்பி, ஜிம்மி ஜார்ஜ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஜார்ஜா? நம்ம லாங் ஜம்ப் அஞ்சு பாபி ஜார்ஜுக்கு சொந்தமா சார்?"

"அவங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அண்ணன்ப்பா!" என்றார், என்னமோ நான் அவரையே அவமானப்படுத்திவிட்ட மாதிரி.

அன்றைக்கு ஃபைனல்ஸ் யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மாஸ்டர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்தில் பேராவூர் என்று ஒரு ஊர். அங்கே ஜார்ஜ் ஜோசப் என்பவர் வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். எட்டு பையன், இரண்டு பெண். அப்பா காலேஜ் நாட்களில் வாலிபால் ஆடியவர். ஒரு டீமுக்கு ஆறு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, அந்த வீட்டில் டீமும் ரெடி, கூடவே இரண்டு சப்ஸ்டிட்யூட்டும் ரெடி! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின்னாளில் 1987இல் அண்ணன் தம்பிகள் ஒரே அணியாகவே களத்தில் இறங்கினார்கள். 'ஜார்ஜ் பிரதர்ஸ்' என்றால் மலபார் பக்கம் இன்றைக்கும் தெரியாத ஆள் கிடையாது.

அதில் இரண்டாவது பையன்தான் ஜிம்மி. பிறந்தது 1955 மார்ச் 8. பதினாறு வயதில், 1971இல், கேரள ஸ்டேட் டீமில் இடம். நாமெல்லாம் அந்த வயதில் மீசை முளைக்கிறதா என்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தோம். 1973இல் பாலா செயின்ட் தாமஸ் கல்லூரி. அவர் ஆடிய வருடங்களில் கேரளப் பல்கலைக்கழகம் அகில இந்திய அளவில் வரிசையாகக் கோப்பையைத் தூக்கியது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இந்தியச் சட்டை. வயது பத்தொன்பது. 1976ஆம் வருடத்துக்கான அர்ஜுனா விருது. அதுவரை வாலிபாலுக்காக அதை வாங்கியவர்களில் வயதில் இளையவர் அவர்தான். (இந்த விருதை ஆரம்பித்த 1961லேயே வாலிபாலுக்காக வாங்கியவர் நம்ம தமிழ்நாட்டு ஏ. பழனிசாமி. இதையும் ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள். க்விஸ் போட்டியில் உதவும்.)

1976இல் கேரளா போலீஸில் வேலை கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் உத்தியோகம். இருபத்தோரு வயதில் மாசம் பிறந்தால் சம்பளம், ரிடையர் ஆனால் பென்ஷன். நம் வீட்டில் என்றால் அத்தோடு கதை முடிந்தது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். ஆட்டம் சனி, ஞாயிறுக்கு மட்டும்.

ஜிம்மி என்ன செய்தார் தெரியுமா? 1979இல் லீவு போட்டார். நாம் மூன்று நாள் கேஷுவல் லீவு கேட்டாலே மேனேஜர் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்க்கிறாரே, அந்த மாதிரி லீவு இல்லை. வருஷக்கணக்கில் லீவு! அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு ஆடப் போய்விட்டார். அங்கே 1982 வரை. அப்புறம் அங்கிருந்து இத்தாலி.

இத்தாலி என்றதும் ஏதோ ஊர் சுற்றிப் பார்க்கப் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர் வாலிபால் லீக் லேசுப்பட்டது இல்லை. ஒவ்வொரு கிளப்புக்குப் பின்னாலும் ஏதாவது ஒரு கம்பெனி நிற்கும். பனியனில் கம்பெனி பெயர், பாக்கெட்டில் கம்பெனி சம்பளம். உலகத்தில் நன்றாக ஆடுகிறவர்கள் காசுக்காகப் போய்ச் சேருகிற இடம் அது. அங்கே சம்பளம் வாங்கி ஆடிய முதல் இந்தியர், வாலிபாலை முழு நேரத் தொழிலாகவே வைத்துக்கொண்ட முதல் இந்தியர், இந்த பேராவூர்க்காரர். கிரிக்கெட்டில் ஐ.பி.எல். வருவதற்கு இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால்!

அவரிடம் அப்படி என்ன விசேஷம்?

மாஸ்டர் சேரை விட்டு எழுந்து, வலைக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கிக் காட்டினார். ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். கிட்டத்தட்ட எட்டடி. சாதாரண ஆள் கையை நீட்டினால் விரல் நுனி வலையின் மேல்பட்டையைத் தொடுவதே பெரிய காரியம். ஸ்மாஷ் அடிக்கிறவன் அதற்கும் மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் மட்டும் போதாது. எதிர்ப்பக்கம் இரண்டு பேர், மூன்று பேர் கையை விரித்துச் சுவர் கட்டுவார்கள். அவர்கள் ஏறி இறங்கும் வரை மேலேயே இருந்து, கை தாழ்ந்த நேரம் பார்த்து அடித்தால்தான் பந்து தரையைத் தொடும். ஜிம்மியின் ரகசியம் அந்த 'மேலேயே இருந்து'தான். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: எல்லோரும் ஒன்றாக எகிறுவார்கள், மற்றவர்கள் இறங்கிய பிறகும் இவர் மட்டும் அந்தரத்தில் நிற்பார்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். இப்போது நடக்கிற 25 பாயின்ட் ஆட்டம் அப்போது கிடையாது. 1999க்கு முன்னால், சர்வீஸ் போடுகிற பக்கம் ஜெயித்தால்தான் பாயின்ட். எதிராளி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும், பாயின்ட் நகராது. 15 பாயின்ட் எடுப்பதற்குள் ஸ்கோர் போர்டுக்காரன் தூங்கிவிடுவான். ஆனால் அடிக்கிறவன் தூங்க முடியாது. ஒரே மேட்ச்சில் எத்தனை தடவை வானத்துக்கும் பூமிக்கும் ஏறி இறங்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு முழங்கால் வலிக்கும்!

இப்படிப்பட்ட ஆள் வெளிநாட்டில் இருக்கிறார். இங்கே? 1982இல் டெல்லியில் ஏசியாட். நாடே கலர் டி.வி. வாங்கி உட்கார்ந்திருந்தது. அந்த வாலிபால் டீமில் ஜிம்மி இல்லை. 1974 தெஹ்ரான், 1978 பாங்காக், அடுத்து 1986 சியோல் என்றுதான் அவர் கணக்கு போகிறது. அவர் காலத்தில் சொந்த மண்ணில் நடந்த ஒரே ஏசியாட் விட்டுப்போயிற்று. அடுத்த வருடம் கபில்தேவ் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கினார். அதற்கப்புறம் இந்தியாவில் மற்ற ஆட்டக்காரர்களின் போட்டோ பேப்பரில் கடைசிப் பக்கத்தின் கடைசி மூலைக்குப் போனது, உங்களுக்கே தெரியும்.

சியோலுக்கு வருவோம். வாலிபாலில் இந்தியா ஏசியாட் பதக்கம் பார்த்து அப்போது இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. 1958 டோக்கியோவில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, அப்புறம் பூஜ்யம். 1986 டீமைப் பாருங்கள். கேரளா போலீஸிலிருந்தே ஜிம்மி, சிரில் வள்ளூர், உதயகுமார். தமிழ்நாட்டிலிருந்து ஜி.ஈ. ஸ்ரீதரன். ஆந்திரப் பக்கமிருந்து பி.வி. ரமணா. சீனாவுக்குத் தங்கம், கொரியாவுக்கு வெள்ளி. மூன்றாவது இடத்துக்கு ஜப்பானோடு மோதினார்கள். ஆசியாவுக்கே வாலிபால் பாடம் எடுத்த ஜப்பான்! அவர்களைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார்கள். அதற்கப்புறம் 2023இல் நடந்த ஹாங்சோ ஏசியாட் வரைக்கும் நம் ஆண்கள் டீமுக்கு இன்னொரு பதக்கம் வரவில்லை.

ரமணா என்று ஒரு பெயர் வந்ததே, கவனித்தீர்களா? பாட்மிண்டன் சிந்துவின் அப்பா. அம்மா விஜயாவும் வாலிபால்காரர்தான். சிந்துவின் அந்த உயரமும், எட்டி அடிக்கிற அடியும் கடையில் வாங்கியது இல்லை!

இந்த இடத்தில் மாஸ்டர் சட்டென்று சீனாவுக்குத் தாவினார். "நம்ம ஜிம்மிய விட அஞ்சு வயசு சின்னது. லாங் பிங்னு ஒரு பொண்ணு. 'இரும்புச் சுத்தியல்'னுதான் பேரு. அந்த அடி!" என்றார்.

லாங் பிங் 1960இல் பிறந்தவர். 1981 உலகக் கோப்பை, 1982 உலக சாம்பியன்ஷிப், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தங்கம். சீனாவில் அவர் முகம் போட்ட ஸ்டாம்ப் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை விட்ட பிறகு அமெரிக்கா போனார், 1989இல் மொடேனா என்ற இத்தாலி கிளப்புக்கும் ஆடினார். ஜிம்மி போன அதே தேசம். பிறகு கோச். 2008இல் பீஜிங் ஒலிம்பிக் நடந்தபோது அவர் அமெரிக்கப் பெண்கள் டீமின் கோச்! லீக் ஆட்டத்தில் சீனாவும் அமெரிக்காவும் மோதின. பிறந்த தேசத்திலேயே எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, சொந்த நாட்டை 3-2 என்று தோற்கடித்துவிட்டு எழுந்தார். 'துரோகி' என்று திட்டியவர்களும் உண்டு, கை தட்டியவர்களும் உண்டு. 2013இல் சீனாவே திரும்பக் கூப்பிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் பயிற்சியில் சீனப் பெண்களுக்குத் தங்கம். சிந்து வெள்ளி வாங்கியதற்கு மறுநாள் அது.

ஆடியும் தங்கம், ஆட வைத்தும் தங்கம். ஜிம்மிக்கும் அப்படி ஒரு இரண்டாவது இன்னிங்ஸ் இருந்திருக்க வேண்டும். இத்தாலியில் கற்றுக்கொண்டதையெல்லாம் மூட்டை கட்டி எடுத்து வந்து இங்கே பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்... எனக்கு இந்த 'இருந்தால்' எல்லாம் பிடிக்காது. ஆனால் மாஸ்டர் அன்றைக்கு இதே வார்த்தையை நாலு தடவை சொன்னார்.

1987 நவம்பர் 30. இத்தாலியில் கார் விபத்து. ஜிம்மி இறந்துபோனார். வயது முப்பத்திரண்டு. சியோல் பதக்கம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்போதும் அவர் கேரளா போலீஸ் ரிஜிஸ்டரில் இருந்தவர்தான்.

வீட்டில் பாக்கி இருந்த தம்பிகளில் ஒருவர் பாபி. டிரிபிள் ஜம்ப் ஆடியவர். அவர் ஒரு பெண்ணுக்கு லாங் ஜம்ப் பயிற்சி கொடுத்தார், அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். 2003இல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி அஞ்சு வெண்கலம் வாங்கினார். உலகத் தடகளத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அண்ணன் மேலே குதித்தார், அண்ணி... இல்லை, தம்பி மனைவி முன்னால் குதித்தார். எப்படியோ அந்த வீட்டுக்கும் தரைக்கும் ஒத்துப்போகவில்லை!

திருவனந்தபுரத்தில் ஜிம்மி ஜார்ஜ் பெயரில் இண்டோர் ஸ்டேடியம் இருக்கிறது. அது ஆச்சரியமில்லை, சொந்த மாநிலம். இத்தாலியில் மோன்டிகியாரி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு இண்டோர் ஸ்டேடியம் கட்டி 'பாலாஜார்ஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஜார்ஜ் அரங்கம்' என்று அர்த்தம். நம்ம ஜார்ஜேதான்! அந்த ஊர் ஜனத்துக்கு இவர் மொழி தெரியாது, ஜாதி தெரியாது, ஊர் எந்தத் திசை என்றும் தெரிந்திருக்காது. பந்து ஒன்றுதான் தெரியும்.

மாஸ்டர் இதைச் சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டு. ஃபைனல்ஸ் முடிந்து, மைக்கில் பரிசு வழங்குபவர்களுக்குச் சால்வை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் எகிறி அடித்தானே அந்தப் பையன், வியர்வை ஒழுகப் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான்.

"சார், அந்த இத்தாலி டீமுக்கெல்லாம் என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு சார்?"

"அங்க அவங்கதாண்டா உனக்குக் குடுப்பாங்க!" என்றார் மாஸ்டர்.

பையன் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போய், வலையை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தான். மறுநாள் காலை ஷிப்டாம். மில் வேன் ஐந்தரைக்கே வந்துவிடுமாம்.