காசு கொடுத்து வாங்கினாலும் கேசு! பச்சைக்கிளி, உடும்பு, தேவாங்கு... வனச்சட்டம் சொல்வது என்ன?

திண்டுக்கல்:-
பிள்ளை ஆசைப்பட்டு கேட்டுச்சுன்னு ரெண்டு பச்சைக்கிளி வாங்கி கூண்டில் விட்டு வளர்ப்பவர்கள் இப்போதும் உண்டு. அந்த கிளி காட்டு உயிரினம், அதை பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம் என்பது அவர்களில் பலருக்கு தெரியாது.

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலுக்கு வந்தது. இதில் பச்சைக்கிளி 2-வது அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் ரெண்டும் சேர்ந்தே கிடைக்கும். மறைந்த நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் வளர்த்த 2 கிளிகளுக்காக 2023 பிப்ரவரியில் வனத்துறை விதித்த அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். நடிகருக்கே அந்த கதி என்றால், தினக்கூலிக்கு போகிறவர் நிலைமையை சொல்லவே வேண்டாம். கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு பறவை என்பதால் இந்த தடை அதற்கு பொருந்தாது.

7 ஆண்டு கம்பி

முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் கதையே வேறு. மயில், நட்சத்திர ஆமை, எறும்புத்தின்னி, உடும்பு எல்லாம் இதில் வரும். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அதோடு 25 ஆயிரத்துக்கு குறையாத அபராதமும் உண்டு. பணத்தை மட்டும் கட்டி சமாதானமாக முடித்துக்கொள்ள இதில் வழியில்லை. உடும்புக்கறி இடுப்பு வலிக்கு நல்லதுன்னு யாரோ சொன்னதை நம்பி வாங்கி சாப்பிட்டாலும் இதே பிரிவுதான்.

நம்ம மாவட்டத்தில் அதிகம் அவதிப்படுவது தேவாங்கு. "தேவாங்கு மாதிரி இருக்கான்"னு ஒல்லியான ஆளை திட்டுவோமே, அதேதான். எடை கால் கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். ராத்திரியில் மரத்துக்கு மரம் போய் பூச்சியை பிடித்து தின்னும், அந்த வகையில் விவசாயிக்கு அது கூலி வாங்காத வேலைக்காரன். ஆனால் அதன் பெரிய கண்ணை வைத்து மாந்திரீகம், மருந்து என்று கட்டிவிட்ட கதையால் பிடித்து விற்கிறார்கள். அந்த மருந்தில் நோய் தீரும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இதை காப்பாற்றத்தான் 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11 ஆயிரத்து 806 எக்டேர் காடு. தேவாங்குக்கு என்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். நம்ம பக்கம் வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு தாலுகா காடுகள் இதில் வருகின்றன.

"எனக்கு தெரியாது சார்"

வழக்கில் இந்த பேச்சு எடுபடாது. விலங்கோ, இறைச்சியோ, தோலோ ஒருவர் கையில் இருந்தது நிரூபணமானால் அது சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவர் பாடு. கடத்தலுக்கு பயன்பட்டு பறிமுதலான பைக், ஆட்டோ எல்லாம் அரசு சொத்தாகிவிடும். வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சாக்குமூட்டையில் என்ன இருக்கிறது என்று ஏற்றும்போதே கேட்டுவிடுவது நல்லது.

தாத்தா காலத்து மான் கொம்பு, புலிநகம் வீட்டில் இருந்தாலும் அதற்கு வனத்துறையின் உரிமைச் சான்று வேண்டும். சான்று இருந்தாலும் விற்க முடியாது. தானாக உதிர்ந்த மயிலிறகுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிடுங்கிய இறகு என்றால் அடிக்காம்பில் ரத்தமோ சதையோ ஒட்டியிருக்கும். அதிகாரிகள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.