மண்ணுக்குள் உலோகம் – 9: முறத்தில் புடைத்த இரும்பு

மழை விட்ட மறுநாள் காலையில் முதலியார்பேட்டைத் தெருக்களில் ஓரமாகப் பார்த்து நடந்தால் தெரியும்: தண்ணீர் வடிந்த தடத்தில் மையால் கோடு இழுத்ததுபோல் கறுப்பு மணல் படிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதில் புரட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தாத்தா, காந்தத்துக்கு மீசை முளைச்சிருக்கு, பாருங்க!"

அந்த மீசையில் பெரும்பங்கு மேக்னடைட். தமிழில் காந்த இரும்புத்தாது. மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள். எடையில் சுமார் 72 சதவீதம் இரும்பு. இரும்புத்தாதுக்களில் இதைவிடச் செழிப்பானது கிடையாது. சாதாரண மணலைப்போல் இருமடங்கு கனம் என்பதால், ஓட்டம் தளரும் இடத்தில் வெள்ளை மணலை விட்டுவிட்டு இது மட்டும் தங்கிவிடும். தெருவோரக் கறுப்புக் கோட்டின் காரணம் அதுதான். ஏறத்தாழ 580 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் காந்தத்தோடு ஒட்டும் குணம் போய்விடும், ஆறினால் திரும்பிவிடும். பையன் கையிலிருந்த ஸ்பீக்கர் காந்தமும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடில் சுட்டெடுத்ததே. மீசையும் முகமும் ஒரே குடும்பம்.

செஞ்சிப் பக்கத்து மலைப்பாறைகள் தேய்ந்து, சங்கராபரணி ஆற்றோடு வந்து, அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் கடல் சேர்வது நம் மணலின் ஒரு வழி. ஆனால் இந்தத் தாது மலையாகவே நிற்பதைப் பார்க்கச் சேலத்துக் கஞ்சமலைக்குப் போகவேண்டும். கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரிபோட்ட பாறை அது: கறுப்பு மேக்னடைட், வெள்ளை குவார்ட்ஸ். 250 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த இரும்பும் சிலிக்காவும், பிறகு பூமிக்குள் அழுந்தி வெந்து இப்படி ஆயின.

அந்தப் பாறையிலிருந்து எஃகு எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசியோ காற்றில் தூற்றியோ குவார்ட்ஸைப் பிரித்தார்கள். நெல்லில் பதர் நீக்குகிற அதே கை, அதே முறம். கனமான தாது நிற்கும், லேசான கல் பறக்கும். கரியோடு உலையிலிட்டு எடுத்த இரும்பைத் துண்டுபோட்டு, கருகிய உமி கலந்த களிமண் மூசையில், ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, வாயைக் களிமண்ணால் பூசி ஊதினார்கள். கட்டையிலும் இலையிலும் இருந்த கரி இரும்புக்குள் இறங்கி எஃகாயிற்று. வேதியியல் புத்தகம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் எந்தக் கட்டை, எந்த இலை என்பதில் அவர்களுக்குத் தடுமாற்றமும் இல்லை.

இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை கட்டினார். சேலத்துத் தாது அங்கே போனது. எரிக்க நிலக்கரி இல்லை, மரக்கரிதான். ஒரு பெரிய உலை கேட்கிற கரிக்குக் காடு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? நஷ்டத்தில் தள்ளாடி, 1860களில் ஆலை அணைந்தது. ஊர்ச் சிற்றுலைகளும் மலிவான சீமை இரும்பு வந்திறங்கியதும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆலையின் தோல்வியை விட எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான்.

இன்று நிலக்கரி கழுவும் ஆலைகளில் மேக்னடைட் தூளை நீரில் கலக்கிக் கனமான குழம்பாக்குகிறார்கள். அதில் கரி மிதக்கும், கல் மூழ்கும். பிறகு காந்தத்தால் தூளை மீட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். அம்மோனியா தயாரிப்பில் வினையூக்கிக்கும் மூலப்பொருள் இதுவே.

பையனுக்குக் காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்; தாளை உருவினால் மணல் தானே உதிரும். ஒரு வாரத்தில் டானிக் பாட்டிலில் கால்வாசி சேர்த்துவிட்டான். அம்மாவிடம் முறம் கேட்டிருக்கிறான், இன்னும் கிடைக்கவில்லை.

(தொடரும்)