கணினி இசையும் கட்புலனற்றோரும்

இசை செவிக்குரிய கலை. ஆதலின் கட்புலனற்றோர்க்கு அக்கலையில் தடையேதும் இல்லை என்று எண்ணுவது இயல்பே. கும்பகோணத்துச் சரப சாஸ்திரிகள் (1872–1904) இளமையிலேயே பார்வையை இழந்தவர். எனினும், புல்லாங்குழலைக் கருநாடக இசை மேடைக்குக் கொணர்ந்த முன்னோடியாக விளங்கினார். புள்ளி எழுத்தை வகுத்த பிரான்ஸ் நாட்டு லூயி பிரெயில், தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 1829ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், இசைக் குறியீடுகளையும் விரலால் தடவிப் படிக்க வழிகாட்டியது. குழலின் துளையும் ஆர்கனின் கட்டையும் விரலுக்கு எட்டுவன. அதனால் அவர்கள் கருவியை முழுமையாக ஆள முடிந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஊர் உன்னிச்சை. அங்குள்ள பெருங்குளம் வயல்களுக்குப் பாசன நீரும் மட்டக்களப்பு நகருக்குக் குடிநீரும் வழங்குகிறது. படுவான்கரையோ வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்குப் பேர்பெற்ற நிலம். அண்ணாவியார் சொல்லிக்கொடுக்க, கேட்டுப் பயிலும் மரபு அது. இத்தகைய மண்ணில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் மத்தளமும் பாட்டும் கற்பதில் வியப்பில்லை. ஆனால், அவர் தம் வாசிப்பைக் கணினியில் பதிவு செய்து, பாட்டோடு இணைத்து, ஒலியளவைச் சீர்செய்ய முற்படும்போது தடை எழுகிறது. கணினியின் திரை வழவழப்பான கண்ணாடி. அதில் விரலுக்குப் புலப்படுவது எதுவும் இல்லை.

இக்குறையைப் போக்க எழுந்ததே திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். அது திரையிலுள்ளவற்றைக் குரலாக ஒலிக்கும். ஆயினும் அது திரையின் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. ஒவ்வோர் இயங்குதளமும் திரைக்குப் பின்னே ஒரு விவரப் பட்டியலை வைத்திருக்கிறது. 'இது பொத்தான்; இதன் பெயர் பதிவு; இது இப்போது அழுத்தப்பட்டுள்ளது' என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கும். திரைவாசிப்பான் பெரும்பாலும் அப்பட்டியலையே படிக்கிறது. மென்பொருளை ஆக்குவோர் இயங்குதளம் தரும் வழக்கமான பொத்தான்களைக் கையாண்டால், பட்டியல் பெரிதும் தானே நிரம்பிவிடும். இசை மென்பொருள்களிலோ, ஒலிக்கலவை மேசையின் குமிழ்களை ஓவியமாகத் தீட்டிவிடும் வழக்கம் மிகுதி. ஓவியத்துக்குப் பெயர் எழுதப்படாவிடில் பட்டியல் வெறுமையாகும், திரைவாசிப்பானும் மௌனமாகும். எனவே குறை பார்வையற்றவரிடம் இல்லை; மென்பொருள் ஆக்கத்தில் விடுபட்ட பணியிலேயே உள்ளது என்பது தெளிவு.

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று தளங்களும் இப்பட்டியலை வெவ்வேறு முறையில் அமைக்கின்றன. ஒன்றுக்கெனச் செய்த பணி மற்றொன்றுக்குத் தானாக உதவாது. மேக் கணினியில் 2005ஆம் ஆண்டு முதல் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான் உடன் அமைந்தே வருகிறது. லாஜிக் என்னும் இசை மென்பொருள் அதனுடன் இயங்குகிறது. ஆனால் லாஜிக்கை விண்டோஸில் நிறுவ இயலாது. மேக்கின் விலையும் அதிகம். ஏபிள்டன் லைவ் என்னும் புகழ்பெற்ற மென்பொருள், 2024ஆம் ஆண்டு வந்த தன் 12ஆம் பதிப்பிலேதான் திரைவாசிப்பானுக்கு வழிவிட்டது.

விண்டோஸுக்குரிய வழி பார்வையற்றோரின் உழைப்பால் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற சிறுவர்க்கென நடந்த இசை முகாமில் சந்தித்த இருவர் மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும். 2006ஆம் ஆண்டு கரன் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை இருவரும் சேர்ந்து வளர்த்தனர். அது இலவசமானது, அதில் தமிழ்க் குரலும் உண்டு. பின்னர் டே, ரீப்பர் என்னும் இசை மென்பொருளுக்கு ஒசாரா என்னும் இலவசத் துணை மென்பொருளை உருவாக்கினார். விண்டோஸ், மேக் இரண்டிலும் அது இயங்கும். எந்த ஒலித்தடம், எத்தனையாவது தாளவட்டம், எத்தடம் அடக்கப்பட்டுள்ளது என்பவற்றை அது சொல்லும். ஒலி வரம்பு மீறினாலும் அறிவிக்கும். ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்த்தபின், தனியார் பயனுக்கான உரிமத்தை 60 அமெரிக்க டாலருக்குப் பெறலாம்.

இச்செய்தியை அறிவது ஏன் இன்றியமையாதது? உன்னிச்சைக் குடும்பம் ஒன்று ஒரு போக விளைச்சலின் வருவாயைக் கொண்டு கணினி வாங்குகிறது என்று கொள்வோம். விளம்பரத்தை நம்பித் தெரிந்தெடுத்த மென்பொருள் பேசாது போனால், பணமும் ஓராண்டும் வீணாகும். 'பார்வையற்றவனுக்கு இது ஒத்துவராது' என்ற பழியும் அவ்விளைஞர்மீதே விழும். ஆதலின், வாங்குமுன் சோதனைப் பதிப்பை நிறுவி, சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையாலேயே ஒரு பாட்டைப் பதிந்து பார்த்தல் வேண்டும். பதியும்போது காதொலிப்பான் அணிவதும் அவசியம். இல்லையேல் திரைவாசிப்பானின் குரலும் பாட்டோடு பதிவாகிவிடும்.

மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அவ்வாயிலை நாடும் பார்வையற்ற மாணவர்க்கு விசைப்பலகைப் பயிற்சியைப் பள்ளியிலேயே அளிப்பதும், ஆங்கிலத்தில் அமைந்த கட்டளைச் சொற்களைத் தமிழில் விளக்கி ஒலிப்பதிவாகக் கொடுப்பதும் ஆசிரியர்களால் இயலும் பணிகளே. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கணினியும் சில மாதப் பொறுமையும் போதும்.