உங்களுக்குத் தெரியுமா? இனிப்பும் வைராக்கியமும்

'ஒன்றே ஒன்றுதான்' என்று மைசூர்பாகு டப்பாவைத் திறந்து, அடுத்த பத்தாவது நிமிடம் துகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கேட்டால், "எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது" என்பார்கள். விஞ்ஞானிகளோ மனதின் தலையில் மொத்தப் பழியையும் போடுவதில்லை. டப்பா எங்கே இருந்தது, யார் கொடுத்தது, என்றைக்குக் கொடுத்தது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள்.

● அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் நர்சரி பள்ளி என்று ஒன்று உண்டு. 1960-களின் கடைசியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அங்கே நான்கு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓர் அறையில் உட்காரவைத்தார். மேசைமேல் தின்பண்டம். பக்கத்தில் ஒரு மணி. "நான் வெளியே போகிறேன். நானாகத் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். முடியாவிட்டால் மணியை அடி, உடனே வருவேன். ஆனால் ஒன்றுதான்." பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயின் பெயரால் இந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றுவிட்டது. உண்மையில் பிஸ்கட்டும், பிரெட்செல் என்ற உப்புத் தின்பண்டமும்கூட வைக்கப்பட்டன. கண்ணாடிக்கு மறுபுறமிருந்து பார்த்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. ஒரு பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டது. இன்னொன்று நாற்காலியோடு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. சிலர் பாடினார்கள், சிலர் மேசையை உதைத்தார்கள், சிலர் தூங்கிவிடலாமா என்று பார்த்தார்கள்.

● பண்டம் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் தாக்குப்பிடித்தது சராசரியாக ஒரு நிமிடம்தான். அதையே கண்ணில் படாமல் எடுத்து வைத்தபோது 11 நிமிடம். இந்த இரண்டு எண்களும் வெளியான ஆண்டு 1970. இந்த ஆராய்ச்சியில் உருப்படியான செய்தி இதுதான் என்பேன். ஆனால் ஊர் முழுக்கப் பரவியது வேறொன்று.

● "மிட்டாயைச் சுற்றி மனதுக்குள் ஒரு சட்டம் போட்டு, அதை வெறும் படமாக நினைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுத்ததும் பிள்ளைகளின் பொறுமை கூடியது. படத்தை யார் தின்பார்கள்?

● ஊர் முழுக்கப் பரவிய அந்த வேறொன்று என்ன? மிஷெலின் மூன்று பெண்களும் அதே நர்சரியில் படித்தவர்கள். அவர்களிடம் பழைய வகுப்புத் தோழர்களைப் பற்றிப் பேச்சுவாக்கில் விசாரித்தபோது, பொறுமையாக இருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பிலும் சோபித்ததாக அவருக்குத் தோன்றியது. 1990-இல் அந்தக் கணக்கு கட்டுரையாக வந்தது. நான்கு வயதில் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள் என்றது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குக் கேட்கவா வேண்டும்! மேடைக்கு மேடை மார்ஷ்மெல்லோதான். அந்தக் கணக்கில் இருந்தவர்களோ பெரும்பாலும் ஒரே பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த, எண்ணிக்கையில் சொற்பமான பிள்ளைகள். 2018-இல் டைலர் வாட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு சுமார் 900 பிள்ளைகளை வைத்துப் பார்த்தது. தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்ப வருமானத்தையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்த மிச்சமும் பெருமளவு கரைந்தது. பிங் பள்ளிப் பிள்ளைகளையே நாற்பது வயதுக்குமேல் தேடிப்பிடித்துப் பார்த்த இன்னோர் ஆய்விலும் அந்தப் பழைய காத்திருப்பு எதையும் பெரிதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் மிஷெலும் ஒருவர். வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

● பிள்ளைகளின் பொறுமையை அளந்த மிஷெல், ஒரு காலத்தில் நாளுக்கு மூன்று பாக்கெட் சிகரெட் ஊதியவர். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்ட நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரைப் பார்த்தார். கதிர்வீச்சு செலுத்த வேண்டிய இடங்கள் அந்த உடம்பில் பச்சை மையால் குறிக்கப்பட்டிருந்தன. சிகரெட் ஆசை எழும்போதெல்லாம் அந்தக் காட்சியை நினைவில் வரவழைத்தே பழக்கத்தை விட்டொழித்தார்.

● காத்திருக்காத பிள்ளை அவசரக்குடுக்கைதானா? செலஸ்டி கிட் என்ற ஆராய்ச்சியாளருக்கு இதில் சந்தேகம். வீடில்லாதவர்களுக்கான விடுதியில் தொண்டு செய்தபோது அவர் பார்த்தது இது: அங்கே கையில் கிடைத்ததை உடனே வாயில் போடாத பிள்ளைக்கு அது மிஞ்சுவது நிச்சயமில்லை. 2013-இல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. 28 பிள்ளைகள். படம் வரைய உடைந்த, தேய்ந்த கிரேயான்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, நல்ல பெட்டி கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குப் புதுப் பெட்டி வந்தது. மீதிப் பேரிடம், "மன்னித்துக்கொள், தீர்ந்துவிட்டது" என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். 15 நிமிடமும் முழுதாகக் காத்திருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 14-க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர். ஏமாந்தவர்களை அவசரக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

● கேமரூன் நாட்டின் என்ஸோ இனத்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பண்டமான 'பஃப்-பஃப்' என்ற எண்ணெய்ப் பலகாரத்தை வைத்துச் சோதித்தார்கள். சுமார் 70 சதவீதம் பேர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளில் 30 சதவீதம்கூடத் தேறவில்லை. என்ஸோ பிள்ளைகளில் சிலர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்களாம்!

● ஜப்பானியப் பிள்ளைகள் தின்பண்டத்துக்கு நெடுநேரம் காத்திருந்தார்கள். காகிதம் சுற்றிய பரிசுப் பொட்டலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அமெரிக்கப் பிள்ளைகள் அப்படியே தலைகீழ். ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறி முடியும்வரை பிள்ளைகள் சாப்பாட்டில் கைவைப்பதில்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்கக் காத்திருந்து பழக்கம். 2022-இல் வந்த ஆய்வு இது. பந்தியில் பெரியவர்கள் கைவைக்கும்வரை இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகளையும் யாராவது சோதித்தால் தேவலை.

● சிம்பன்சிகளிடம் சாரா பாய்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விளையாட்டு ஆடினார். இரண்டு தட்டில் மிட்டாய். ஒன்றில் அதிகம், இன்னொன்றில் குறைவு. நீ எந்தத் தட்டைக் காட்டுகிறாயோ அது பக்கத்துச் சிம்பன்சிக்குப் போய்விடும். அப்படியானால் குறைந்ததைக் காட்டுவதுதானே புத்திசாலித்தனம்? எத்தனை முறை ஆடினாலும் கை பெரிய குவியலுக்கே போயிற்று. ஆனால் அந்தச் சிம்பன்சிகள் எண்கள் படித்தவை. மிட்டாயை எடுத்துவிட்டு, தட்டில் வெறும் எண் அட்டைகளை வைத்தார்கள். உடனே சிறிய எண்ணைக் காட்டி, பெரிய பங்கைத் தட்டிக்கொண்டு போயின. புத்தி எப்போதும் இருந்தது. மிட்டாய் கண்முன் இருக்கும்வரை அது வேலை செய்யவில்லை.

● கணவாய் மீனுக்கும் பொறுமை உண்டு. பிடித்த உயிர் இறாலுக்காக, கையருகே இருந்த சுமாரான இறாலைத் தொடாமல் இரண்டு நிமிடம்வரை காத்திருந்ததை கேம்பிரிட்ஜின் அலெக்ஸாண்ட்ரா ஷ்னெல் 2021-இல் காட்டினார்.

● அப்போதுதான் சுட்டெடுத்த சாக்லேட் பிஸ்கட்டின் மணம் அறை முழுக்க. உங்களுக்கோ முள்ளங்கி மட்டும்தான்! 1998-இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளர் மாணவர்களை இப்படி வாட்டினார். பிறகு, தீர்க்கவே முடியாத புதிர் ஒன்றைக் கொடுத்தார். பிஸ்கட் தின்றவர்கள் 19 நிமிடம் முயன்றார்கள். முள்ளங்கிக்காரர்கள் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். 'மன உறுதி என்பது செலவழித்தால் தீர்ந்துபோகிற சரக்கு' என்ற முடிவு புத்தகம் புத்தகமாக விற்றது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, முள்ளங்கிக்குப் பதில் வேறொரு பயிற்சியை வைத்து, 2,000 பேருக்குமேல் சோதித்தபோது அப்படி ஒரு விளைவு ஏறக்குறையத் தென்படவே இல்லை.

● ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 205 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, அவ்வப்போது சிணுங்கவிட்டு, "இப்போது ஏதாவது ஆசை எழுந்ததா? அடக்கினீர்களா?" என்று கேட்டார்கள். சுயக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஓயாமல் ஆசையோடு மல்லுக்கட்டுவார்கள் என்று நினைத்தால், அவர்களுக்கு மல்லுக்கட்ட வேண்டிய நிலைமையே குறைவாகத்தான் வந்திருந்தது. பேக்கரி இருக்கும் தெரு வழியாக அவர்கள் போவதே இல்லை போலிருக்கிறது.

● கூகுள் நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் எம்&எம் சாக்லேட் உருண்டைகளை உள்ளே இருப்பது தெரியாத ஜாடிக்கு மாற்றினார்கள். பிஸ்தா, அத்திப்பழத்தைக் கண்ணாடி ஜாடியில் வைத்தார்கள். யாருக்கும் தடை இல்லை, விலையும் இல்லை. ஏழு வாரத்தில் சுமார் 2,000 ஊழியர்கள் அந்தச் சாக்லேட்டிலிருந்து எடுத்துக்கொண்ட கலோரி 31 லட்சம் குறைந்தது. வெண்ணெய்ப் பானையை உறியிலும் அதிரசத் தூக்கைப் பரணிலும் வைத்த பாட்டிமார் இதற்கு ஆராய்ச்சி எதுவும் நடத்தவில்லை.

● இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பெரிய கடைகளில் பில் போடும் இடத்தருகே இனிப்பையும் கொழுப்பு மிகுந்த நொறுக்குத்தீனியையும் அடுக்கச் சட்டப்படி தடை. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் அதற்கு முன்னதாகவே இதைச் செய்துவிட்டது.

● சுவீடனில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமைதான். வாரம் முழுக்க இல்லை. சனிக்கிழமை பையோடு கடைக்குப் போய் வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். இந்த அழகான வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது அழகற்ற வரலாறு. 1940-களின் பிற்பகுதியில், லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி பிரத்யேகமாகச் செய்த டாஃபியை நாள்தோறும் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 24. சொத்தை எப்படி வருகிறது என்று பார்க்கத்தான்! அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. செலவில் ஒரு பங்கு இனிப்புத் தொழிலிடமிருந்தே வந்தது. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம், எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே பல்லைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. அதன்பின் 1950-களில் வந்த அறிவுரைதான் 'வாரம் ஒரு நாள்'.

● இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் மிட்டாய்க்கும் ரேஷன். 1949 ஏப்ரலில் அதை நீக்கினார்கள். ஜனங்கள் கடைகளைத் துடைத்தெடுத்ததில் ஆகஸ்டிலேயே ரேஷனைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று! 1953 பிப்ரவரி 5-இல்தான் நிரந்தர விடுதலை. அன்றைக்குப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். மதிய இடைவேளையில் பெரியவர்களும் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சர்க்கரை ரேஷனும் போயிற்று. 2024-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அவர்களில் யாரும் தின்பண்டத்தைக் கண்டு மனதை அடக்கியவர்கள் இல்லை. அந்த வயதில் ஊட்டியதைத்தான் விழுங்கினார்கள்.

● கல்யாணச் சாப்பாட்டில் "இனி ஒரு பருக்கை இறங்காது" என்று கையை உதறியவர் பாயசத்துக்கு மட்டும் கிண்ணத்தை நீட்டுகிறாரே, அவர் பொய் சொல்லவில்லை. ஒரே சுவையைத் தின்னத் தின்ன அந்தச் சுவைமேல்தான் சலிப்பு வருகிறது. மற்ற சுவைகளின் ஈர்ப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதை 1980-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்.

● பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது. 2005-இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டுப் பூனை பால்கோவாவைச் சுற்றி வந்தால் அது பாலுக்காகத்தான்.

● அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி உண்டு. அதன் விஷத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் 1992-இல் கண்ட பொருளிலிருந்து, 2005-இல் நீரிழிவு ஊசி மருந்து ஒன்று வந்தது. எடைக் குறைப்புக்காக இன்று பரபரப்பாகப் பேசப்படும் செமாக்ளுடைடு ஊசிக்கு அது மூத்த உறவு. ஊசி போட்டவர்களில் பலர், நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த தின்பண்ட நினைப்பு அடங்கிவிட்டது என்கிறார்கள். நேற்றுவரை வைராக்கியம் இல்லாதவர் என்று பெயரெடுத்தவர்கள்!

● நம் ஊர் வேலியோரக் கொடி சிறுகுறிஞ்சான். இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டால், ஆற்று மணலைப் போட்டதுபோல நறநறக்கும், தித்திக்காது. இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் வாங்கிகளைக் கொஞ்ச நேரம் மறித்துவிடுகிறது. உப்பும் புளிப்பும் எப்போதும்போலத் தெரியும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இனிப்பு திரும்பிவிடும். சர்க்கரைக்கொல்லி என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவே கிடைக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடர்ந்து சாப்பிட வேண்டாம்; இரண்டும் சேர்ந்து ரத்தச் சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கிவிடக்கூடும்.